ஏறி இறங்கும் எண்ணெய்

குச்சிக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய காருக்குப் பத்தொன்பது. இரண்டில் எது நல்ல நிலையில் இருக்கிறது என்று அவர் மனைவியைக் கேட்டால், கையில் இருக்கும் வேலையைக்கூட நிறுத்தாமல் வாசல் பக்கம் மோவாயை நீட்டுவாள். வாசலில் நிற்பது கார்.

உண்மையில் அது முழுதாக அவருடைய கார் இல்லை. பாதிதான் அவருடையது. மறுபாதி அவர் மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்குச் சொந்தம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒரு பல் டாக்டரிடம் வாங்கினார்கள். ஒரு வாரம் இந்த வீட்டில், ஒரு வாரம் அந்த வீட்டில் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாடு இன்றுவரை ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நின்றுபோனது பேச்சுதான். மூன்று வருஷமாக இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அதற்கும் காரணம் இந்தக் கார்தான். அந்தக் கூத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஆள் யார் என்று தெரிய வேண்டும்.

குச்சி என்றதும் ஒல்லியான மனிதரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சட்டையின் நாலாவது பொத்தான் எப்போது தெறிக்கும் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர் கவலைப்படுகிற உடம்பு. என்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உள்ளே நீளமாக ஒரு அளவுக்குச்சி செருகி வைத்திருப்பார்கள் அல்லவா, பெயர் அதிலிருந்து வந்தது. வண்டி தன் வீட்டில் நிற்கும் வாரத்தில் அதை உருவிப் பார்க்காமல் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொடங்கியதில்லை. நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து, உருவிப் பார்த்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்தவர். பெயர் வைத்தது மச்சான்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் பெயர் வைப்பதே அவர்கள் பொழுதுபோக்கு.

தொழில், மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி. தண்ணீர் சொட்டிக்கொண்டே சுற்றும் கல்லில் வில்லையின் விளிம்பை வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி தேய்க்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உட்காராது. ஒரு மயிரிழை குறைந்தால் கழன்று விழும். இருபத்தாறு வருஷம் இதையே செய்தால் மனுஷன் என்ன ஆவான்? எங்கே பார்த்தாலும் கோணல் தெரியும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, காதுப்பக்கக் கம்பியை வளைத்து, மறுபடி மாட்டிவிட்டுத்தான் "வாங்க, உக்காருங்க" என்பார்.

கார் விஷயத்தில் அவர் எப்படி என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். இவர் டயரில் காற்று பார்க்கும் கருவியை வைத்திருப்பார். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, வண்டி ஒரு அடிகூட நகர்ந்து சூடேறுவதற்குள், நாலு டயருக்கும் காற்று பார்ப்பார். பிறகு டிக்கியைத் திறந்து, உள்ளே படுத்திருக்கும் ஐந்தாவது டயருக்கும் பார்ப்பார். "அது பாவம், கேக்க நாதியில்லாதது" என்பார். பெற்ற மகள் வெளியூரில் வேலைக்குப் போய் ஒரு வருஷமாகிறது. அவளிடம் இந்த இரக்கத்தோடு ஒரு நாள் பேசியிருப்பாரா என்று மனைவி கேட்பாள். கேட்பது அவர் காதில் விழாது. அதற்குள் முன்கண்ணாடிக்கு அடியில் சேர்ந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்திருப்பார். சருகு அடைத்தால் மழைத்தண்ணீர் வடியாது, வடியாத தண்ணீர் வண்டிக்குள் இறங்கும், இறங்கினால் துரு. துரு என்ற சொல்லை அவர் வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் ஊற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். யாருடைய பிரஷ் என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. ஒரு தடவை மனைவி புதிதாக வாங்கி வைத்ததை எடுத்துவிட்டார். அவள் தேடியபோது, "கழுவி வச்சிட்டேனே" என்று ஒரு பதில் சொன்னார். அந்த வாரம் வீட்டில் சமைக்கப்பட்டதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

ஓட்டும்போதும் சும்மா இருக்க மாட்டார். கிளம்பிய முதல் ஐந்து நிமிஷம் வண்டி ஆமை. "தூங்கி எழுந்தவனை வாசப்படியிலேயே ஓடச் சொன்னா ஓடுவானா" என்று பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு விளக்கம் சொல்வார். ஜன்னல் மூடியிருப்பதால் அது அவர்களுக்குக் கேட்காது. சாவியோடு கொத்தாக எதையும் மாட்டித் தொங்கவிட மாட்டார், கனத்தில் சாவித்துளை தேயும். செவ்வாய்க்கிழமைகளில் ரேடியோ கிடையாது, மனைவி பேசவும் கூடாது. அன்று அவர் வண்டியின் சத்தத்தைக் கேட்பார். புதிதாக ஒரு கிறீச், ஒரு கடகட, எதுவாக இருந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்பது கொள்கை. "ஏதோ ஒரு சத்தம் வருது" என்பார். "அது நான் மூச்சு விடற சத்தம்" என்பாள் மனைவி.

கிண்டல் செய்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அவரோடு அதே வருஷம் கார் வாங்கிய அத்தனை பேரும் இரண்டு முறை, மூன்று முறை மாற்றிவிட்டார்கள். இந்த வண்டி மட்டும் காலையில் ஒரே திருப்பில் கிளம்புகிறது.

எண்ணெய் பார்ப்பதில்தான் அவருடைய முழுச் சாஸ்திரமும் இருந்தது. அதற்கு மூன்று சட்டம். முதலாவது, என்ஜின் ஆறியிருக்க வேண்டும். இரண்டாவது, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவி, மறுபடி துடைத்து, மூன்றாம் தடவை என்ன காட்டுகிறதோ அதைத்தான் நம்ப வேண்டும். மூன்றாவது, வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். குச்சியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டு நின்றால் அன்றைக்கு அவர் முகம் மலர்ந்திருக்கும். துடைப்பதற்குக் கடையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் துணி, வில்லை துடைக்கிற மெத்தென்ற சதுரத் துணி, அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

இனி அந்தக் கூத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார், அவருடைய மாமனார் மாமியார் உட்பட. மச்சான் ஒரு பேக்கரி நடத்துகிறார். விடியும் முன்பே எழுந்து அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனிதர், தலைமுடியிலும் செருப்பிலும் எப்போதும் கொஞ்சம் மாவு. அன்றைக்கு அவராகவே வந்து, "மாப்ளே, எண்ணெய் பாக்கிறது எப்படின்னு சொல்லு. என் வாரத்துல நானே பாத்துக்கிறேன்" என்று கேட்டார். கேட்டதே பெரிய விஷயம். குச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் சட்டத்தைச் சொன்னார். மஞ்சள் துணியைக் கையில் கொடுத்து இரண்டாவதைச் செய்து காட்டச் சொன்னார். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தார். சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் சிலருக்கு நாக்கு நீளும்.

"இதெல்லாம் பாத்து என்ன பிரயோஜனம்?" என்றார். "நீ ஓட்டறப்போ இடது காலைக் கிளட்ச் மேலயே குடியேத்தி வச்சிருக்கே. அந்த பிளேட் தேஞ்சுபோறது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

அதோடு விட்டாரா? ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டு, மச்சான் எப்படி ஓட்டுவார் என்று நடித்துக் காட்டினார். உதட்டைத் துருத்திக்கொண்டு, ஒரு கையால் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரம். எல்லாரும் சிரித்தார்கள். மச்சானுடைய மாமியாரும் சிரித்தார். அந்த அம்மாள் அதற்கு முன் மருமகன் வீட்டு விசேஷம் எதிலும் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்தார், துணியை மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். "சரி மாப்ளே, என் கால் இனிமே உன் கண்ணுல படாது" என்று சொல்லிவிட்டு குடும்பத்தை அழைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று இருவரும் தனித்தனியாக, ஆளுக்கொரு தடவை, குச்சியின் மனைவியிடம் வந்து சொன்னார்கள். அவள் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் கொடுத்தாள்.

"விக்கணும்னா நேருக்கு நேர் உக்காந்து பேசி வித்துக்குங்க. பேச முடியாதுன்னா இப்படியே ஓடட்டும்."

பேச முடியவில்லை. அதனால் ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவளே வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, அண்ணியோடு டீ குடித்துவிட்டு, கால் மணி நேரம் நடந்து வீட்டுக்கு வருவாள். அடுத்த சனிக்கிழமை போய் எடுத்துவருவாள். போகும்போது வெறுங்கை, வரும்போது ஒரு பை நிறைய பன்னும் பேக்கரியில் போட்ட ஜாமும். குச்சி அதை யார் கொடுத்தது என்று கேட்க மாட்டார். கேட்காமலே ஒன்றுக்கு மூன்றாகத் தின்பார்.

திரும்பி வந்த வண்டியைத்தான் அவர் குற்றவாளியை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். இருக்கையில் ரொட்டித் துகள் கிடந்தால், "பாத்தியா" என்பார். டயரில் காற்று கச்சிதமாக இருந்தால், "நான் அடிச்ச காத்து, அதான் நிக்குது" என்பார். கண்ணாடி கழுவுகிற தண்ணீர் நிறைந்திருந்தால், "ஒரு வாரமா வைப்பரே போடலை போல, சோம்பேறி" என்பார். மச்சான் பார்த்து நிரப்பியிருக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பெரிய தலைக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் மச்சான் இல்லாமல் அவருக்கு நாள் நகரவில்லை என்பதும் நிஜம். முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்தவன். கடையில் யாராவது வேடிக்கையாக ஏதாவது செய்தால், இதை மச்சானிடம் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றும், பிறகுதான் பேச்சில்லை என்பது நினைவுக்கு வரும். தினமும் தோன்றியது. தினமும் நினைவுக்கு வந்தது. வண்டி ஒன்றுதான் இன்னும் அங்கேயும் இங்கேயும் போய்வந்துகொண்டிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் மச்சான் வீடு மாறினார். அதுவரை பேக்கரிக்கு மேலேயே இரண்டு அறையில் இருந்தவர், கொஞ்சம் தள்ளி ஒரு தனி வீட்டுக்குப் போனார். "வீடு நல்லா இருக்கு. தெருதான் ஒரே ஏத்தம்" என்று மனைவி வந்து சொன்னாள். "ஹேண்ட்பிரேக் போட்டது பத்தாதுன்னு அண்ணன் சக்கரத்துக்கு ஒரு செங்கல் வேற வைக்கிறாரு."

செங்கல் எப்படி வைக்க வேண்டும் என்று குச்சி பத்து நிமிஷம் சொன்னார். மற்றபடி அந்தத் தெருவைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த முறை வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, அளவுக்குச்சியை உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. அரை விரல் அளவு. துடைத்துப் பார்த்தார், மறுபடி துடைத்துப் பார்த்தார். தாண்டித்தான் இருந்தது.

எண்ணெய் குறைவது உலக இயல்பு. தானாக ஏறுவது நோய். இது வண்டி தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், தெரிந்ததுதான் அவரைக் கெடுத்தது. ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால், "யாரோ ஊத்தியிருக்காங்க" என்று ஒரே நொடியில் சொல்லிவிட்டுப் பன் தின்னப் போயிருப்பான். குச்சி அப்படிப்பட்டவர் இல்லையே. ஒன்று, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிய வேண்டும். கசிந்தால் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். மாறவில்லை. அப்படியானால் பெட்ரோல். என்ஜினுக்குள் வளையங்கள் தேய்ந்துபோய், பெட்ரோல் எண்ணெயோடு இறங்கிக் கலக்கிறது. ஒரு சொட்டை விரலில் எடுத்து மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை வந்தது. வர வேண்டும் என்று மோந்தால் ரோஜா வாசனைகூட வரும்.

அளவுக்கு மேல் எண்ணெய் இருந்தாலும் ஆபத்து, நுரைத்துப்போய் என்ஜினைக் கெடுக்கும். அதனால் ஒரு மெல்லிய குழாயைக் குச்சித் துளை வழியாக உள்ளே விட்டு, பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி, கூடுதலாக இருந்ததை எடுத்தார். ஒரு டம்ளர் தேறியது. ஆராய்ச்சிக்காக ஒரு காலி ஜாம் பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, பால்கனியில் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் வைத்தார். மேல்கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்துவிட்டுத்தான் வண்டியை அனுப்பினார்.

அடுத்த முறை வந்தபோது மறுபடி ஒரு டம்ளர் கூடுதல். அதற்கடுத்த முறையும். வண்டி செத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விற்க வேண்டும். விற்றால் சனிக்கிழமைகளில் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் போய்வர ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தை அவர் தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. "பழைய வண்டிக்கு விலை கிடைக்காது" என்றுதான் சொல்லிக்கொண்டார். ஆனால் பயம் அதுதான்.

பதினாறாவது பாட்டில் வைத்த மறுநாள், செடிக்குத் தண்ணீர் விடப்போன மனைவி அத்தனையையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க இது, பால்கனியில பாட்டில் பாட்டிலா தேன்?"

"தேன் இல்ல. எண்ணெய்."

"யாரோடது?"

"வண்டியோடது." அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அவளும் எதிரே உட்கார்ந்தாள். எட்டு மாத ரகசியத்தையும் சொன்னார். என்ஜின் உள்ளே போய்விட்டது, திறந்து பழுதுபார்ப்பதும் புது வண்டி வாங்குவதும் ஒன்று, நடுரோட்டில் உன் அண்ணன் குடும்பத்தோடு நின்றுபோவதற்குள் விற்றாக வேண்டும் என்றார்.

அவள் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கெட்டுப்போன எண்ணெய் இவ்வளவு பளபளன்னா இருக்கும்?"

"பெட்ரோல் கலந்தா நிறம் வெளுக்கும்" என்றார் நிபுணர்.

"சரி. இந்த வண்டி போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் எழவுக்கு ஒருத்தர் வந்தாத்தான் உண்டு. அது தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க. சாவியைக் கொண்டுபோறது என் வேலை. சாவுச் சேதி சொல்றது உங்க வேலை."

அடுத்த ஞாயிறு மச்சானின் வாரம். காலை ஏழு மணிக்குக் குச்சி நடந்தே கிளம்பினார். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை. 'மச்சான், வண்டி போயிடுச்சு' என்று தொடங்கலாமா? மச்சான் என்ற முதல் சொல்லிலிருந்தே ஒத்திகையை மறுபடி மறுபடி தொடங்கினார். வழியில் நின்றிருந்த ஒரு வேனின் முன்டயரில் காற்று குறைவாகத் தெரிந்தது. நின்று, கருவியை எடுத்து, அளந்து பார்த்தார். அதற்கடுத்த வண்டியையும் அளந்தார். யார் வண்டியோ, எவர் டயரோ. எப்படியாவது அந்த வீடு போய்ச் சேராமல் இருந்தால் சரி என்றிருந்தது.

தெரு மனைவி சொன்னபடியே ஏற்றம். மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினார். பாதி வழியில் வண்டி தெரிந்தது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது, பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல். பானெட் திறந்திருந்தது. அதற்குள் குனிந்தபடி ஒரு முதுகு. கீழே மாவு படிந்த செருப்பு.

குச்சி ஓசைப்படாமல் நெருங்கினார். மச்சான் கையில் அளவுக்குச்சி. அதை உருவினார், துடைத்தார். மறுபடி செருகினார், உருவினார், மறுபடி துடைத்தார். துடைத்த துணி மஞ்சள் நிறம், சதுரம். மூன்று வருஷமாகத் துவைத்துத் துவைத்து நடுவில் நைந்து, வெளிச்சம் தெரிந்தது. மூன்றாம் தடவை உருவி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு காலடியில் இருந்த எண்ணெய் டப்பாவை எடுத்து, மூடியைத் திருகினார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அத்தனையும் குச்சிக்கு மறந்துபோயிற்று. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்:

"மேட்டுல நிறுத்தி வச்சா எண்ணெய் பாக்கிறே?"

மச்சான் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலை பானெட்டில் இடித்தது. தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா வர மாட்டியா நீ" என்றார்.

"எதுக்கு இப்ப எண்ணெய் ஊத்தறே?"

மச்சான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அந்த வயதில் அது நன்றாக இல்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், முன்னால் கொண்டுவந்தார். "குறையுது" என்றார். "இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்தே குறையுது. எப்பப் பாத்தாலும் ஒரு டம்ளர் கம்மி. என்ஜின் எண்ணெயைக் குடிக்குது மாப்ளே. என் காலாலதான் கெட்டுப்போச்சுன்னு நீ சொல்லுவே. அதான் சத்தம் போடாம ஊத்திக்கிட்டே வர்றேன்."

"கிளட்சுக்கும் எண்ணெய்க்கும் என்னடா சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? நீ விக்கணும்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்தது."

குச்சி நடைபாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். 

"எனக்குக் கூடுது" என்றார்.

"என்ன கூடுது?"

"எண்ணெய்தான். எட்டு மாசமா. ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர். நான் உறிஞ்சி எடுத்து எடுத்து வச்சிருக்கேன்."

மச்சான் அவரைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பேக்கரிக்காரருக்குக் கணக்கு வேகமாக வரும். "எதுல எடுத்து வச்சிருக்கே?"

"உன் ஜாம் பாட்டில்ல."

மச்சான் டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். ஒரு ஆரோக்கியமான வண்டிக்கு எட்டு மாதமாக ஒருவர் ஊற்ற, ஒருவர் உறிஞ்ச, இரண்டு பேரும் தனித்தனியாக அதற்காகத் தூக்கம் கெட்டிருந்தார்கள். வண்டி பொறுமைசாலி. வேறு வண்டியாக இருந்தால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அந்தப் பல் டாக்டரிடமே திரும்பிப் போயிருக்கும்.

"மேட்டுல நின்னா எண்ணெய் பின்பக்கமாப் போயிடும். குச்சி குறைவாத்தான் காட்டும்" என்றார் குச்சி. "வண்டி சமதளத்துல நிக்கணும்னு உனக்குச் சொன்னேனே."

"நீ சொல்லலை."

"சொன்னேன்டா."

"ரெண்டு சொன்னே" என்றார் மச்சான். குரல் உயரவில்லை. "ஆறியிருக்கணும்னு சொன்னே. ரெண்டு தடவை துடைக்கணும்னு சொன்னே. ரெண்டையும் அன்னிலேருந்து விடாம செஞ்சுக்கிட்டு வர்றேன். மூணாவதைச் சொல்றதுக்குள்ள நீ காலைத் தூக்கிட்டே."

குச்சிக்கு அந்த நாள் முழுதாக நினைவுக்கு வந்தது. அந்தரத்தில் தூக்கிய கால், துருத்திய உதடு, சிரித்த மாமியார். மூன்று வருஷமாக அதை ஒரு வேடிக்கையாகவும், மச்சானை ஒரு தொட்டாற்சிணுங்கியாகவும்தான் மனசில் வைத்திருந்தார். இப்போது வெட்கத்தில் காது மடல்வரை சுட்டது. மன்னிப்பு கேட்கிற ஆள் அவர் இல்லை, கேட்கவும் தெரியாது. எழுந்து, வேட்டி ஓரத்து மண்ணைத் தட்டிவிட்டு, மச்சானுக்கு நேராக வந்து நின்றார்.

"மூணாவது, வண்டி சமதளத்துல நிக்கணும்" என்றார்.

மச்சான் தலையை ஆட்டினார். "சரி" என்றார்.

செங்கல்லை எடுத்தார்கள். மச்சான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, குச்சி பின்னால் பார்த்துக் கைகாட்ட, என்ஜினைக் கிளப்பாமலே வண்டியைத் தெருவின் அடிக்கு, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் தரை சமமாக இருந்த இடத்துக்கு, உருட்டிக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷம் நிற்க வேண்டும், எண்ணெய் அடங்க வேண்டும் என்றார் குச்சி. நின்றார்கள், ஆளுக்கொரு பக்கம். மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. இருவரும் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மச்சான் உருவித் துடைத்தார். மறுபடி உருவித் துடைத்தார். மூன்றாம் தடவை இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். மேல்கோட்டில் சொல்லிவைத்தாற்போல் நின்றது.

"ஊத்தாதே" என்றார் குச்சி.

"ஊத்தலை" என்றார் மச்சான். மஞ்சள் துணியை மடித்தார், நீட்டினார். குச்சி வாங்கவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். நைஞ்சுபோச்சு. கடையிலேருந்து புதுசு கொண்டாறேன்."

பதினாறு பாட்டிலையும் பார்த்தே தீர வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தார். வண்டியில் ஏறினார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு குச்சி அதன் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். காலடியில் ரொட்டித் துகள் கிடந்தது, பார்த்தும் பாராமல் இருந்தார். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. முதல் ஐந்து நிமிஷம் மச்சான் ஆமைபோல ஓட்டினார். அதைக் கண்டு குச்சிக்குக் கண் கலங்கியது. ஜன்னலை இறக்கிக் காற்றில் முகத்தைக் காட்டினார்.

பெரிய சாலைக்கு வந்ததும், பழக்கதோஷம், அவர் கண் தானாகக் கீழே போயிற்று. மச்சானுடைய இடது கால் கிளட்சின் மேல் சௌகரியமாகப் படுத்திருந்தது. பிளேட் தேய்வது அவருக்கு உடம்பிலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார். 

"என்ன?" என்றார் மச்சான், சாலையைப் பார்த்தபடியே.

"ஒண்ணுமில்லை."

மச்சான் காலை எடுத்துக் கீழே வைத்தார். அடுத்த வளைவு வருவதற்குள் அது மறுபடி கிளட்சின் மேல் ஏறிவிட்டது. குச்சி அதைப் பார்த்துக்கொண்டே வந்தார், வீடு வரும்வரை.